அயல்நாட்டுப் பிள்ளை

நாவற்குடாவில் நாங்கள் கேட்டது தண்ணீர்க் குழாய். எங்களுக்குக் கிடைத்தது சர்வதேச உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி.

யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எல்லாம் சுகமாயிருக்கிறது என்று உலகத்துக்குக் காட்ட வேண்டிய அவசரம் மேலிடத்தில் யாருக்கோ வந்தது. அதற்கென்று ஒரு சபையை உண்டாக்கி, ‘அயல்நாடுகள் நட்புறவு உதைபந்தாட்ட அதிகார சபை’ என்று பெயரும் வைத்தார்கள். பெயர்ப்பலகை வாவிக்கரை மைதானத்து வாசலைவிட அகலமாகிவிட்டது. வேறு ஊராயிருந்தால் பலகையைச் சின்னதாக்கியிருப்பார்கள். இவர்கள் வாசல் மதிலை இடித்தார்கள். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

என் பெயர் பீற்றர். மட்டக்களப்பு - பதுளை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவன். அந்தப் பாதையில் சிங்களம் தெரியாமல் ஒருவனும் பிழைக்க முடியாது. ஆகவே ஊரில் யாருக்கு எந்த அரசாங்கக் கந்தோரில் அலுவல் வந்தாலும், “பீற்றரண்ணனக் கூட்டிட்டுப் போ” என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். என் பெண்சாதி றீற்றா இதைப் பற்றிச் சொல்வதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

என்னை அதிகம் அலைக்கழித்தவள் அன்னப்பூரணி. கடற்கரைப் பக்கம் இருந்தவள். சுனாமியில் புருசனையும் மகளையும் பறிகொடுத்து, மிஞ்சிய மகன் ரதீஸுடன் எங்கள் ஒழுங்கையில் யாரோ வெள்ளைக்காரர் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்தாள். ரதீஸ் நல்ல பிள்ளை, நல்ல கோல்கீப்பர். மேசன் வேலை பழகி, வன்னியில் வீடு கட்டும் வேலை கிடைத்ததென்று போனான். போன இடத்தில் பாதை பூட்டுப்பட்டது, சண்டை தொடங்கியது, அங்கே இயக்கக்காரர் அவன் கையில் துவக்கைக் கொடுத்துவிட்டார்கள். சண்டை முடிந்த கையோடு ஆமிக்காரர் பிடித்துப் புனர்வாழ்வு முகாமில் போட்டார்கள். முதல் முகாமில் அன்னப்பூரணி அவனை ஒருதரம் கண்டாள். பிறகு அவனை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். எங்கே என்று கேட்டால் ஒவ்வொரு கந்தோரும் மற்றக் கந்தோரைக் கை காட்டும். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான். மகன் வீட்டுக்கு வரவேண்டும்.

சுற்றுப்போட்டிக்கு நான்கு நாடுகள் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். ஒன்று எங்கள் நாடு. மற்ற மூன்றில் ஒன்று வரமுடியாதென்று மன்னிப்புக் கேட்டது. ஒன்று பதிலே போடவில்லை. மூன்றாவதுக்கு அழைப்பு அனுப்ப மறந்துவிட்டார்கள். இருந்தும் ஒரு நாள் காலையில் திரைச்சீலை இழுத்துவிட்ட பஸ் ஒன்றில் ஒரு அணி வந்து இறங்கியது. ‘அயல்நாட்டு அணி’ என்றார்கள். எந்த அயல்நாடு என்று கேட்டதற்கு, வெளிநாட்டு அமைச்சின் அனுமதி வரும்வரை பெயர் சொல்ல முடியாது என்றார்கள். அனுமதி கடைசிவரை வரவேயில்லை. ஒலிபெருக்கியிலும் அயல்நாடு, பதாகையிலும் அயல்நாடு. நானும் பத்திரிகை வாசிக்கிறவன்தான், அப்படியொரு நாட்டைக் கேள்விப்பட்டதில்லை.

அன்னப்பூரணி அப்போது மைதானத்தில் நாட்கூலிக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் கத்தியும் கையுமாக ஓடிவந்து என் வீட்டு வாசலில் நின்றாள்.

“பீற்றரண்ணன், என்ட மகன் அங்க நிக்கான்.”

“எங்க புள்ள?”

“தெக்குப் பக்கத்துக் கோலுக்குள்ள. அயல்நாட்டுக் காற்சட்டையோட.”

“வெயிலுக்குள்ள வேல செய்யாத எண்டு எத்தினதரம் சொன்னன். இரு, றீற்றா தேத்தண்ணி தருவா.”

“தேத்தண்ணி வேணா. பந்து வரக்குள்ள அவன் ரெண்டு கம்பத்தையும் தொட்டுட்டு, காலப் பொறங்காலில தேய்ப்பான். சின்னனிலிருந்து அப்பிடித்தான். இப்பயும் அப்பிடித்தான் செய்யிறான். மற்றது, அவன்ட கையில கிடக்கிற கையுறையப் பாத்தன். எங்களுக்குத் தந்தாங்களே, அதுதான்.”

சுனாமி நேரம் குளிர்நாட்டுப் புண்ணியவான்கள் எங்களுக்குக் கம்பளிக் கையுறைகள் அனுப்பியிருந்தார்கள். மட்டக்களப்பு வெயிலுக்குக் கம்பளிக் கையுறை. அன்னப்பூரணி அதைப் போட்டுத்தான் அடுப்பிலிருந்து சோற்றுப்பானை இறக்கினாள். மிச்சப் பெட்டிகள் எங்கோ களஞ்சியத்தில் கிடந்து, இப்போது சபையின் கைக்கு வந்திருந்தன. அயல்நாட்டு அணியின் நீலச் சட்டைகளும் அதே பெட்டியில் வந்தவைதான். கொடி, அகதிக் கூடாரத்து நீலத் தறப்பாளில் வெட்டியது.

நான் போய்ப் பார்த்தேன். ரதீஸ்தான். மெலிந்து கறுத்துப் போயிருந்தான். என்னைக் கண்டான், கண்டுகொள்ளவில்லை. அவனுக்குப் பக்கத்தில் முகாமுக்குப் பொறுப்பான மேஜர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் அன்னப்பூரணியைக் கூட்டிக்கொண்டு சபைக் கந்தோருக்குப் போனேன். தலைவர் தொந்தியும் சிரிப்புமாக இருந்தார். நல்ல மனிதர், எங்களுக்குக் கதிரை தந்தார், குளிர்பானம் தந்தார். விசயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவேயில்லை. அவர் சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை.

“அம்மா, ஒரு நாட்டின் அணி என்றால் என்ன? ஒரே உடுப்பு. ஒரே கொடி. ஒரே கட்டளை. எல்லாம் அந்தப் பிள்ளைகளிடம் இருக்கின்றன. நிலம் மட்டும்தான் இல்லை. சர்வதேச மட்டத்தில் நிலம் ஒரு சிறிய குறை.” பிறகு மேசையில் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பாருங்கள், இவர்கள் ஒரு நாடு வேண்டும் என்றுதானே இத்தனை வருடம் சண்டை பிடித்தார்கள்? நாங்கள் கொடுத்திருக்கிறோம். தொண்ணூறு நிமிடத்துக்கு. எந்த அரசாங்கம் இவ்வளவு செய்யும்?”

நான் அதை அன்னப்பூரணிக்குச் சொன்னேன்.

“நாடு கீடு வேணாம் ஐயா. என்ட புள்ளயோட ஒருக்காக் கதைக்க விடுங்க.”

அதுதான் முடியாது என்றார் தலைவர். வெளிநாட்டு வீரருடன் கதைப்பதற்கு வெளிநாட்டு அமைச்சின் அனுமதி வேண்டும். தவிர, அந்த நாட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. பேசுவதானால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், சபையிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லை. இதைச் சொல்லிக்கொண்டே அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உமக்கு எத்தனை மொழி தெரியும்?”

வாய் சும்மா இருந்ததா? தமிழ், சிங்களம், கொஞ்சம் இங்கிலீஸ் என்று சொல்லிவிட்டு, என் தாய் பறங்கிப் பெண், அவள் வீட்டில் பேசிய பழைய போர்த்துக்கேயமும் கொஞ்சம் வரும் என்றேன். தலைவர் எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கணத்திலிருந்து நான் அயல்நாட்டு மொழியின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பாளன். அயல்நாட்டின் மொழி, என் தாய் குசினியில் கோழி விரட்டிய மொழி.

வரவேற்பு வைபவத்தில் வேலை தொடங்கியது. நிறைகுடம், குத்துவிளக்கு, மேளம். அயல்நாட்டின் தேசிய கீதத்துக்குப் பாண்ட் வாத்தியக்காரர் தங்களுக்குத் தெரிந்த ஒரு கலியாண வீட்டு மெட்டை மெதுவாக வாசித்தார்கள். மேஜரும் தலைவரும் நெஞ்சில் கை வைத்து நின்றார்கள். மாலை போடுவதற்கு ஊர்ப் பெண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அன்னப்பூரணிக்கு யாரோ ஒரு பின்வரிசை ஆட்டக்காரன் விழுந்திருந்தான். அவள் பக்கத்துப் பெண்ணைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு ரதீஸ் முன்னால் போய் நின்றாள். நான் நடுவில் நின்றேன். மேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

மாலையைப் போட்டுவிட்டு அவள் கேட்டாள்: “சோறு திண்டயா மனே?”

மேஜர் என் தோளைத் தட்டினார். நான் மொழிபெயர்க்க வேண்டும். என் தாயின் பாஷையில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வசனம் ஒன்றே ஒன்றுதான். அடுப்படியை விட்டுப் போ கோழியே என்று பொருள். அதை மரியாதையாகச் சொன்னேன். ரதீஸ் என்னைப் பார்த்தான். தாயைப் பார்த்தான்.

“தேங்க் யூ,” என்றான் தாய்க்கு.

அந்த ஒரு சொல்லைத்தான் அவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அன்னப்பூரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சாப்பிட்டானாம் என்று சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்ல.

போட்டிக்கு முதல் நாள் மேஜர் அணியைக் கூடாரத்துக்குள் இருத்திப் பேசினார். களைத்த மனிதர் அவர், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. “இது நட்புறவுப் போட்டி. நட்புறவு என்றால் நீங்கள் தோற்க வேண்டும். மூன்று கோல். அவசரப்படாமல், மரியாதையாக வாங்க வேண்டும். ஒழுங்காக நடந்துகொள்பவர்களின் விடுதலையை நாங்கள் விரைவாகக் கவனிப்போம்.” பிறகு என்னிடம் திரும்பி, மொழிபெயர் என்றார். முகாமில் ஒரு வருடம் சிங்களம் கேட்டுப் பழகிய பையன்களெல்லாம் அவர் சொன்னதை விளங்கித்தான் இருந்தார்கள். இருந்தாலும் ஒழுங்கு ஒழுங்குதானே. நான் கோழி வசனத்தை இரண்டு தரம் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ரதீஸும் ஆட்டினான்.

நேரே அன்னப்பூரணியிடம் போய்ச் சொன்னேன். “புள்ள, நாளைக்குத் தோத்தாங்களெண்டா வீட்ட விடுவாங்களாம்.”

“மெய்யாவா அண்ணன்?”

“மேஜர் தன்ட வாயால சொன்னார்.”

அவள் அன்றைக்கே கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். மகன் தோற்க வேண்டும் என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்த தாய் இந்த மாவட்டத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இனி, எல்லாவற்றையும் கெடுத்த காரியத்துக்கு வருகிறேன். மைதானத்தை நிரப்புவதற்கு ஆட்கள் வேண்டும். சபை அந்தப் பொறுப்பை நல்லரத்தினம் வண்ணக்கரிடம் கொடுத்தது. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் மனிதர், அவர் சொன்னால் நாலு ஊர் வரும். சபையின் கட்டளை இதுதான்: மைதானத்தின் வடக்குப் பக்கம் எங்கள் நாட்டு ஆதரவாளர், தெற்குப் பக்கம் அயல்நாட்டு ஆதரவாளர், இரண்டு பக்கமும் நிரம்ப வேண்டும். வண்ணக்கர் மண்டூருக்கும் பழுகாமத்துக்கும் படுவான்கரை முழுவதற்கும் ஆள் அனுப்பி அறிவித்தார். வைகாசி மாதம், வடக்குக்கும் தெற்குக்கும் போட்டி, சனம் எல்லாம் வரட்டாம்.

வெளியூர்க்காரருக்கு இதில் ஒரு பிழையும் தெரியாது. ஆனால் மட்டக்களப்பானுக்கு வைகாசியில் வடக்கும் தெற்கும் என்றால் கொம்புமுறிதான். வளைந்த இரண்டு மரக்கொம்பை ஒன்றில் ஒன்று கொளுவிக் கயிறு கட்டி, ஊர் இரண்டாகப் பிரிந்து, ஒரு கொம்பு முறியும்வரை இழுக்கும். கண்ணகை அம்மனுடைய பக்கம் தென்சேரி, அவள் புருசன் கோவலனுடைய பக்கம் வடசேரி. சேரி என்றால் இங்கே கட்சி, வேறொன்றுமில்லை. யார் எந்தச் சேரி என்பது பிறக்கும்போதே முடிந்த விசயம். புருசன் ஒரு சேரி, பெண்சாதி ஒரு சேரி என்றால், விளையாட்டு முடியும்வரை அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரியும். தோற்ற பக்கத்துக்கு வசைப்பாட்டு. வென்ற கொம்பைப் பட்டுச் சுற்றித் தோளில் சுமந்து அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள், அங்கே சேரும்வரை நிலத்தில் வைக்கக் கூடாது. யுத்தத்தால் வருடக்கணக்காக நடக்காத விளையாட்டு. சனம் பசியோடு இருந்தது.

நான் வேதக்காரன், மாதாகோயிலுக்குப் போகிறவன், எனக்குச் சேரி இல்லை. ஆகவே மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சனம் உள்ளே வரவர, சொல்லிவைத்தது போல வடசேரி வடக்கே போனது, தென்சேரி தெற்கே போனது. இடம் மாறி இருந்த ஒரு கிழவனை அவன் சொந்த மைத்துனனே கையைப் பிடித்துத் தூக்கி மற்றப் பக்கம் அனுப்பினான். அன்னப்பூரணியும் தென்சேரிதான். தெற்குக் கோலுக்கு நேர் பின்னால் குந்தியிருந்தாள்.

எங்கள் நாட்டு அணி கொழும்பிலிருந்து வந்த நல்ல பையன்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டம் தொடங்கி அவர்கள் பந்தைத் தெற்குப் பக்கம் கொண்டுபோனதும் தென்சேரி வாய் திறந்தது. பார்க்கத்தான் பந்து, அவர்களுக்கு அது கொம்பு. வடசேரியின் மூதாதையர் தொடக்கம் மாட்டுப்பட்டி வரைக்கும் இழுத்து வசை பாடினார்கள். அயல்நாட்டுக்காக அப்படி உயிரைக் கொடுத்துக் கத்திய சனத்தை அந்த அயல்நாடு வேறெங்கும் கண்டிருக்காது.

தலைவரின் முகம் வெளிறியது. “பீற்றர், இவர்கள் நம் நாட்டுப் பிரசைகள் இல்லையா? ஏன் அயல்நாட்டுக்குக் கத்துகிறார்கள்?”

“அவர்கள் தென்சேரி, சேர்.”

மேஜர் உடனே நிமிர்ந்தார். “தென்சேரியா? புதிய இயக்கமா? தலைவர் யார்?”

“தலைவி, சேர். கண்ணகை அம்மன்.”

“எங்கே மறைந்திருக்கிறாள்?”

“மறைந்தெல்லாம் இல்லை, சேர். வருடம் முழுக்கக் கதவு பூட்டியிருக்கும். வைகாசியில் மட்டும் திறப்பார்கள்.”

மேஜர் பக்கத்திலிருந்த சிப்பாயின் காதுக்குள் ஏதோ சொன்னார். அவன் அம்மனைத் தேடி வாவிப் பக்கமாக ஓடினான்.

இடைவேளையில் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “சுதந்திரமாகக் கைதட்டுங்கள். ஆனால் எந்தப் பக்கத்துக்குக் கைதட்ட வேண்டும் என்பதைச் சபை முன்கூட்டியே அறிவித்திருக்கிறது. அறிவித்தபடி கைதட்டுவதுதான் ஜனநாயகம்.” நான் தமிழில் சொன்னேன். தென்சேரி அதை வடசேரியின் சூழ்ச்சி என்று முடிவெடுத்து இன்னும் பலமாகக் கத்தியது.

ரதீஸ் ஒரு கோலும் விடவில்லை. மற்றப் பத்துப் பேரும் மரியாதையாக விலகி நின்று வழிவிட்டார்கள். பந்து நேரே அவனிடம் வந்தது, அவன் பிடித்தான். கம்பளிக் கையுறை வியர்வையில் நனைந்து தொங்கியது, பிடித்தான். ஒவ்வொரு தரம் பிடிக்கும்போதும் தென்சேரி எழும்பி ஆடியது. அத்தனை சனத்துக்குள் ஒருத்தி மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, விடு மனே, விடு மனே என்று அழுதுகொண்டிருந்தாள். அவள் சேரிக்காரிகளே அவளை முறைத்துப் பார்த்தார்கள்.

கோல் இல்லாமல் முடிந்து பெனால்டி உதைக்கு வந்தது. எங்கள் நாட்டுப் பையன்களில் இரண்டு பேர் அந்தச் சத்தத்தில் வெளியே அடித்தார்கள். அயல்நாட்டுப் பையன்கள் உருட்டிவிட்டதிலும் இரண்டு எப்படியோ உள்ளே போய்விட்டது. ரதீஸ் இரண்டை மரியாதையாக உள்ளே விட்டான். அதைப் பார்த்து நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். எங்கள் நாட்டு அணியின் கடைசி உதை வந்தது. அதையும் விட்டால் தோல்வி, வீடு, தாய், சோறு. அவன் இரண்டு கம்பத்தையும் தொட்டான், காலைத் தேய்த்தான். பந்து வலது மூலைக்குப் போனது. அவனும் போனான். பந்து அவன் கையில் இருந்தது.

பந்தைப் பார்த்தபடி அவன் அப்படியே குந்திவிட்டான். அடுத்ததாக அயல்நாட்டுப் பையன் ஒருவன் வேண்டுமென்றே வானத்தைப் பார்த்து அடிக்க, அது கம்பத்தில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. கொம்பு முறிந்துவிட்டது. வென்றது தென்சேரி.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு சிப்பாயாலும் தடுக்க முடியவில்லை. அவர்களுக்குத் துப்பாக்கி வைத்திருப்பவனை எப்படிப் பிடிப்பது என்று தெரியும். பட்டுச் சேலையோடு ஓடிவரும் இருநூறு கிழவர்களை என்ன செய்வது என்று யாரும் பழக்கவில்லை. தென்சேரி ரதீஸைப் பட்டால் சுற்றித் தோளில் தூக்கி, பறை முழங்க, இடித்துப் பெருப்பித்த வாசலால் வெளியே கொண்டுபோனது. வாசல் பழைய அகலத்தில் இருந்திருந்தால் அவ்வளவு சனம் ஒரேயடியாகப் போயிருக்க முடியாது. சபை செய்த ஒரே உபயோகமான வேலை அதுதான். வழியில் மேஜரின் ஜீப் குறுக்கே வந்தது. நிலத்தில் வைக்கக் கூடாதென்பதால் அவர்கள் ஜீப்பின் மேலால் ஏறிப் போனார்கள்.

நான் மூச்சு வாங்க ஓடிக் கோயிலுக்குப் போனபோது அவனை அம்மன் முன்னால் இறக்கியிருந்தார்கள். பூசை செய்யும் கட்டாடியார் அவனுக்குத் திருநீறு பூசி, மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வென்ற கொம்புக்குச் செய்கிறதெல்லாம் செய்தார். அன்னப்பூரணி சனத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கையில் ஒரு செம்புத் தண்ணீர்.

அவன் குடித்தான். குனிந்தபடி, உதடு அசையாமல் சொன்னான். “கை தானாப் போயிற்றும்மா.”

“போகட்டும் மனே. போகட்டும்.”

“விட வேணுமெண்டுதான் நினைச்சன். பந்து வரக்குள்ள நினைப்பு வரல்ல.”

“சோறு தாறாங்களா?”

“தாறாங்க.”

அவள் அவன் கையிலிருந்த கையுறைகளைக் கழற்றிப் பிழிந்தாள். தண்ணீர் ஓடியது. அவ்வளவு நேரம்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

மேஜர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தலைவரும் வந்தார், அவருக்கு மூச்சு வாங்கியது. மேஜர் அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்.

“பீற்றர், இதை அந்த அம்மாவுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இவன் அவளுடைய மகன் என்றால், முகாமிலிருந்து தப்பி ஓடியவன். அதற்கு என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இவன் அயல்நாட்டு வீரன் என்றால், ரசிகர்கள் அன்பினால் தூக்கிக்கொண்டு வந்த விருந்தாளி. மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போவேன், ஒரு கீறலும் விழாது. இரண்டில் எது என்று எல்லார் முன்னாலும் அவளே சொல்லட்டும்.”

தலைவர் குறுக்கிட்டார். “சர்வதேச உறவு இதில் தங்கியிருக்கிறது.”

நான் தமிழில் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் மொழிபெயர்த்ததில்லை. வண்ணக்கர், கட்டாடியார், தென்சேரி முழுவதும் அவளையே பார்த்தார்கள். எத்தனை கந்தோர்ப் படி ஏறி, இவன் என்ட மகன், இவன் என்ட மகன் என்று கத்திய வாய் அது. அந்தச் சொல்லை நான்தான் எத்தனையோ மேசைக்கு முன்னால் சிங்களத்தில் சொல்லியிருக்கிறேன்.

அன்னப்பூரணி மகனைப் பார்க்கவில்லை. கையுறைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எனக்கு இவரத் தெரியா ஐயா. அயல்நாட்டுப் புள்ளபோல. எனக்கு மகன் இல்ல.”

மேஜர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பவும் சொல் என்றார். திரும்பவும் சொன்னேன்.

அவள் காய்ந்தும் காயாத கையுறைகளை ரதீஸிடம் நீட்டினாள். அவன் வாங்கினான்.

“தேங்க் யூ,” என்றான்.

மேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தோளில் கை போட்டு மரியாதையாகத்தான் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த நாள் வழியனுப்பு விழா. அதே கலியாண மெட்டு, அதே தறப்பாள் கொடி. தலைவர் கண் கலங்கிப் பேசினார். அயல்நாட்டு அணி திரைச்சீலை இழுத்துவிட்ட பஸ்ஸில் ஏறித் தன் தாயகத்துக்குப் புறப்பட்டது. பஸ் கடற்பக்கமும் போகவில்லை, விமான நிலையப் பக்கமும் போகவில்லை. பொலநறுவைப் பாதையில், முகாம்கள் இருக்கும் பக்கமாகப் போனதாகச் சந்தியில் நின்றவர்கள் சொன்னார்கள்.

பழையபடி நாங்கள் அலையத் தொடங்கினோம். முகாமைத் தேடிப் பிடித்துப் போனால், அப்படியொருவர் இங்கே இல்லை, அவர் அயல்நாட்டு அணியோடு போய்விட்டார் என்றார்கள். மேஜருக்கு மாற்றலாகியிருந்தது. சபைக் கந்தோருக்கு வந்தோம். தலைவர் வழமைபோலக் கதிரை தந்தார், குளிர்பானம் தந்தார்.

“அம்மா, உங்களுக்கு மகன் இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். கோயிலில் வைத்துச் சொன்னீர்கள். கோயிலில் சொன்னதை நாங்கள் எப்படிச் சந்தேகிப்பது? அது உங்கள் கலாசாரத்தை அவமதிப்பதாகும்.”

நான் அதைச் சொல்லி முடிக்கும்வரை அன்னப்பூரணி பொறுமையாகக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கதிரையின் நுனிக்கு வந்தாள்.

“அண்ணன், ஐயாட்டக் கேளுங்க. அந்த விளையாட்ட அடுத்த வருசமும் வைப்பாங்களாமா? வைக்கச் சொல்லுங்க. புல்லெல்லாம் நான் சும்மா வெட்டித் தாறன், கூலி வேணா. அந்த நாடு திரும்பவும் வருமா எண்டு கேளுங்க.”

கேட்டேன். தலைவர் நெகிழ்ந்துபோனார். ஒரு ஏழைத் தாயே சபையின் சேவையை விரும்பிக் கேட்கிறாள் என்று பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார், அதை அறிக்கையில் சேர்க்கவும் சொன்னார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“சுற்றுப்போட்டி நடக்கும், பீற்றர். ஆனால் அந்த நாடு வராது. தோற்கத் தெரியாத நாட்டோடு எப்படி நட்புறவு வைப்பது? அந்த நாட்டை நாங்கள் கலைத்துவிட்டோம்.”

“அந்தப் பிள்ளைகள், சேர்?”

“எந்தப் பிள்ளைகள்?” என்று கேட்டார் அவர். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

அன்னப்பூரணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் இரண்டு மொழிக்கும் நடுவில் நின்றவன் நான். கோழி வசனத்தையும் அந்தச் ‘சாப்பிட்டானாம்’ என்ற சொல்லையும் தவிர, ஒருவர் சொன்னதை மற்றவருக்கு மாற்றிச் சொன்னதில்லை.

“என்னவாம் அண்ணன்?”

“வருமாம் புள்ள,” என்றேன்.

அவள் தலையாட்டினாள். வெயில் ஏற முதல் தெற்குக் கோல் பக்கத்துப் புல்லை வெட்ட வேண்டும் என்று கதிரைக்குக் கீழே வைத்திருந்த கத்தியை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.